அன்னக்கிளி: ஒரு இசைத்தட்டும் அதன் வரவேற்பும்

1976 மே 14ஆம் தேதி ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. அதன் பாட்டுகளைப் பற்றி அன்று சொல்லப்பட்டது இன்றைக்கும் சொல்லப்படுகிறது: ‘ஆராதனா’வும் ‘பாபி’யும் தமிழ்க் காதுகளை ஆக்கிரமித்திருந்த வேளையில், பண்ணைப்புரத்திலிருந்து ஒருவர் வந்து கிராமத்தை அப்படியே தட்டில் இறக்கிவிட்டார். மண்வாசனை என்ற வார்த்தையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. சௌகரியமான கதை. கேட்டவர்கள் எதைக் கேட்டார்கள் என்ற விசாரணைக்கு இதில் இடமே இல்லை.

கிராமத்து மெட்டு சினிமாவில் அதற்கு முன்பே இருந்தது. 1957இல் கே.வி. மகாதேவன் இசையில் மணப்பாறை மாடு வந்தாயிற்று. 1972இல் விஸ்வநாதன் இசையில் ராக்கம்மா வந்தாயிற்று. ஆகவே ‘மச்சானப் பாத்தீங்களா’ முதல் கிராமத்துப் பாட்டு அல்ல. அதன் புதுமையை வேறெங்கோ தேட வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். கோம்பை, தேவாரம் பக்கத்தில் பண்ணைப்புரம். மேற்கே மலை, மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும், அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காகக் கம்யூனிஸ்டு மேடைகளில் பாடியவர் பாவலர் வரதராஜன். தம்பி ராசையா, பிற்பாடு இளையராஜா, சிறு வயதிலேயே அந்த ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போனவர். அந்த மேடைகளில் பாடப்பட்டவற்றில் சினிமா மெட்டுக்கு அரசியல் வார்த்தை போட்ட பாட்டுகளும் கணிசம். அதாவது கிராமத்து மெட்டு சென்னைக்கு ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே சென்னையின் மெட்டு மலையடிவாரத்துக்கு இறங்கிவந்து, அங்கே கூலி உயர்வும் பஞ்சமும் பேசிக்கொண்டிருந்தது. கலப்படமில்லாத கிராம சங்கீதம் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கில் பூட்டிக் கிடந்தது, யாரோ சாவி போட்டுத் திறந்தார்கள் என்று நினைப்பது பட்டணத்துக் கற்பனை.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதப் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. பிறகுதான் அன்னக்கிளி. கதை ஆர். செல்வராஜ், பாட்டு பஞ்சு அருணாசலம், டைரக்‌ஷன் தேவராஜ் – மோகன். நாத்து நடுகிறவளின் பாட்டு ஒன்று வயலில் யாருக்காகவும் நிற்பதில்லை. வேலை முடிந்தால் முடிகிறது. தட்டுக்கு வரும்போது அதற்கு முகப்பு வேண்டும், இடையிசை வேண்டும், மூன்று நான்கு நிமிஷத்துக்குள் ஒரு வடிவம் வேண்டும். அந்த வடிவத்தைச் செய்தது எழுதத் தெரிந்த கை, ஸ்வரத் தாளில். பாடியவரும் வயல்காட்டுப் பெண் அல்ல. ஆந்திரத்தில் பிறந்து, சினிமாவில் கிட்டத்தட்ட இருபது வருஷம் பாடியிருந்த எஸ். ஜானகி.

அமெரிக்காவில் நடந்தது வேறு மாதிரி. 1923இல் அட்லாண்டாவில் ஜான் கார்சன் என்ற பிடில்காரர் பாடியதைப் பதிவு செய்த கம்பெனி ஆள் ரால்ஃப் பியர், அந்தக் குரல் சகிக்க முடியாதது என்று நினைத்தார். உள்ளூர் வியாபாரிக்காக 500 தட்டு போட்டுக் கொடுத்தார், விற்றுத் தீர்ந்தது. அங்கே ‘கண்ட்ரி’ இசை வியாபாரமானது இப்படி, நாட்டுப்புறத்தானின் கரகரப்பும் சேர்ந்தே தட்டில் ஏறி. இங்கே மெட்டு ஏறியது, தொண்டை ஏறவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ‘அப்படியே இறக்கிவிட்டார்’ என்று பாராட்டுகிறவர்கள் செய்தவனின் வித்தையைப் பிடுங்கி மண்ணிடம் கொடுக்கிறார்கள். பயின்று வந்த ஒருவரைப் பிறவிக் குணமாகச் சுருக்குகிற இந்தப் பாராட்டில் ஒரு கீழ்நோக்கிய பார்வை இருக்கிறது. மயிலாப்பூர்க்காரர் ஒருவரின் பல்லவியை அவர் தெருவின் வாசனை என்று யாரும் எழுதுவதில்லை.

பள்ளத்தாக்கில் வரவேற்பு வேறாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த நாட்களில் பாட்டு என்பது சடங்கு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் வீரபாண்டித் திருவிழாவிலும் கட்டிய குழாய். டீக்கடையில் இலங்கை வானொலி. தட்டு வீட்டில் வைத்திருந்தவர்கள் குறைவு. குழாயடியில் நின்றவனுக்கு மண்வாசனை ஒரு செய்தியே அல்ல, மண் அவன் காலில் இருந்தது. தன் அத்தை பாடுகிற மாதிரியான ஒரு இழுப்புக்குப் பின்னால் அத்தனை வாத்தியங்கள் எழுந்து நிற்பதுதான் அவனுக்கு ஆச்சரியம். பட்டணம் எதைப் பின்னணி என்று ஒதுக்கியதோ அதுவே இங்கே விஷயம்.

இன்னொன்று. அது அவசரநிலைக் காலம். ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது, பொதுக்கூட்ட மேடைகள் ஒடுங்கிக் கிடந்தன. மச்சானைத் தேடும் பாட்டுக்குத் தடை இல்லை. அதே ஊர்க் குரல், அதே ஒலிபெருக்கி. கூலியும் பஞ்சமும் மட்டும் வெளியே நின்றன.

பாவலர் 1973இல் இறந்துவிட்டார். தம்பியின் தட்டு சுழல்வதை அவர் கேட்கவில்லை. ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று படக்கம்பெனி ஒன்று பிற்பாடு வந்தது. பெயர் திரையில் ஓடியது.