ஒரு தட்டு, ஒரு கோடி: விகன் ஆட்டக்கூடமும் நம்ம ஊர் ரேடியோ செட்டும்



வணிகவியல் படிக்கிறவனுக்குப் பாட்டில் என்ன வேலை என்று வகுப்பில் சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஒரு பொருளுக்கு விலை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்து மிக விசித்திரமான விடை ஒரு பாட்டுத் தட்டில்தான் இருக்கிறது.

2020-ல் இங்கிலாந்தில் ஒரு பழைய இசைத்தட்டு 1,00,000 பவுண்டுக்குக் கைமாறியது. அன்றைய கணக்கில் நம்ம பணத்துக்கு ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு அங்குலத் தட்டு, அவ்வளவுதான். பாடியவர் பிராங்க் வில்சன் என்ற அமெரிக்கர். பாட்டு 'டூ ஐ லவ் யூ'. 1965-ல் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனம் இதை முன்னோட்டத்துக்காகக் கொஞ்சம் அச்சடித்தது. வில்சன் பாடகராவதை விட்டுவிட்டுப் பாட்டெழுதும் பக்கமும் தயாரிப்புப் பக்கமும் போய்விட்டார். தட்டு கடைக்கே வரவில்லை. அடித்ததிலும் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. மிஞ்சியது விரல் விட்டு எண்ணக்கூடிய பிரதிகள். 2009-ல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது. 11 வருஷத்தில் ஏறக்குறைய நாலு மடங்கு!

கடைக்கே வராத, யாரும் கேட்காத பாட்டுக்கு இந்த விலை எப்படி வந்தது?

விகனில் விடிய விடிய

சோல் இசை என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து பிறந்தது. 1960-களில் அங்கே அது உச்சத்தில் இருந்தது. அதே நேரம் வடக்கு இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டின் மேல் பைத்தியம் பிடித்தது. பஞ்சாலையும் நிலக்கரிச் சுரங்கமும் நிறைந்த ஊர்கள் அவை. வாரம் முழுக்க வேலை, சனிக்கிழமை ராத்திரி விடியும்வரை ஆட்டம். மான்செஸ்டரில் 'ட்விஸ்டட் வீல்' என்ற மன்றம் 1971 வரை நடந்தது. விகன் என்ற ஊரில் 'விகன் கேசினோ' 1973 முதல் 1981 வரை நடந்தது. பெயரைப் பார்த்துச் சூதாட்ட விடுதி என்று நினைக்க வேண்டாம், அது பெரிய ஆட்டக்கூடம். கால் வழுக்கிச் சுழல்வதற்காகத் தரையில் முகப்பவுடர் தூவிக்கொண்டு ஆடுவார்கள். தூக்கத்தை விரட்டப் போதை மாத்திரை போட்டவர்களும் உண்டு, அதனால் போலீஸ் தொல்லையும் வந்தது.

1970 வாக்கில் அமெரிக்காவில் சோல் இசை மெதுவாகி, வேறு பாணிக்குப் போய்விட்டது. லண்டன்காரர்களும் புதுசின் பின்னால் போய்விட்டார்கள். வடக்கத்திப் பையன்கள் மட்டும் 1965, 66-ல் வந்த வேகமான பாட்டுத்தான் வேண்டும் என்று நின்றார்கள். லண்டனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டேவ் காடின் என்ற எழுத்தாளர், வடக்கிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் இந்த ரகத்துக்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர் வைத்தார். 'வடக்கு' என்பது கேட்டவர்களின் திசை. பாடியவர்கள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், இப்படி ஒரு கூட்டம் தங்கள் பாட்டுக்கு ஆடுகிறது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

பழைய பாட்டுத்தான் வேண்டும் என்றால் ஒரு சிக்கல் உண்டு. ஹிட் பாட்டுகள் எல்லோரிடமும் இருக்கும். கூட்டத்தை இழுக்க, தட்டு போடுகிறவரிடம் வேறு யாரிடமும் இல்லாத பாட்டு இருக்க வேண்டும். ஆகவே அமெரிக்காவுக்கே போய், கிடங்குகளில் விற்காமல் தூசி படிந்து கிடந்த தட்டுகளைக் கிளறினார்கள். அங்கே தோற்ற பாட்டு இங்கே புதையல். கிடைத்ததும் இன்னொரு வேலை செய்வார்கள்: தட்டின் நடுவில் இருக்கும் லேபிள் மேல் தாளை ஒட்டி, பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் மாற்றிவிடுவார்கள். போட்டிக்காரன் தேடிப்போய் வாங்கிவிடக் கூடாதே! பிராங்க் வில்சன் பாட்டே முதலில் 'எடி ஃபாஸ்டர்' என்ற பொய்ப் பெயரில்தான் பரவியது.

ஏலக்காயும் இசைத்தட்டும்

நம்ம போடிக்காரர்களுக்கு ஏலம் புதிதில்லை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது நினைவிருக்கும். 2018 வெள்ளம், அடுத்து வந்த வறட்சி, விளைச்சல் குறைவு. ஆனால் ஏலக்காய் விலை ஏறினால் எல்லோரும் செடி வைப்பார்கள், சில வருஷத்தில் காய் வரும், விலை இறங்கும். அளிப்புக்குக் கொஞ்சமாவது நெகிழ்ச்சி உண்டு. 1965-ல் அச்சடித்த தட்டை மறுபடி நட முடியாது. அதன் அளிப்பு முற்றிலும் நெகிழ்ச்சியற்றது.

பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திவிடும். அருமையான பொருளுக்கு விலை அதிகம், அவ்வளவுதான் என்று. ஆனால் உலகத்தில் ஒரே ஒரு பிரதி மிஞ்சிய தட்டுகள் எத்தனையோ இருக்கும், சீந்த ஆள் கிடையாது. தட்டு அரிதாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்டு ஆடிய கூட்டம் ஒன்று இருந்திருக்க வேண்டும். வில்சன் தட்டின் விலையை ஏற்றியவர்கள் பவுடர் தூவிய தரையில் விடிய விடிய ஆடிய ஆலைத் தொழிலாளிகள்தான்.

நம்ம பக்கம் என்ன நடந்தது?

நம்ம பக்கத்தில் கேட்கிற கூட்டத்துக்குக் குறைவே இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் முதல் கேள்வி 'ரேடியோ கட்டியாச்சா?' என்பதுதான். வானொலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மைக் செட்டுக்கு அந்தப் பெயர். புளியமரத்தில் குழாயைக் கட்டி, ரிக்கார்டு பிளேயரில் தட்டைச் சுழலவிட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். 45 வேகத்தில் சுற்றும் ஏழு அங்குல ஈ.பி. தட்டில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு, ஆக நான்கு. விகனில் சுழன்றதும் இதே அளவு, இதே வேகத் தட்டுகள்தான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று கூட்டத்தின் முகம் பார்த்து முடிவு செய்தவர் மைக் செட்காரர். விகன்காரர்களுக்கு அவரைப் பார்த்தால் நம்ம ஆள் என்று புரிந்திருக்கும்.

ஆனால் 1980-களில் கேசட் வந்ததும் தட்டுகளின் கதை முடிந்தது. தட்டு கனம், கீறல் விழும், பெட்டி பெட்டியாகத் தூக்க வேண்டும். பழைய இரும்புக்கடைக்குப் போனவை எத்தனை என்று யாரிடமும் கணக்கில்லை.

இதில் என்ன நஷ்டம், பாட்டுத்தான் இணையத்தில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். எஸ்.ஜி.கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர். கே.பி.சுந்தராம்பாளுடன் சேர்ந்து நாடக மேடையை ஆண்டவர். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது 1931 அக்டோபரில். கிட்டப்பா இறந்தது 1933 டிசம்பரில், முப்பது வயதைத் தொடும் முன்பே. ஒரு படத்திலும் அவர் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்குக் கிடைப்பது 78 வேகத் தட்டுகள் வழியாகத்தான், பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம். அந்தத் தட்டுகள் போனால் தமிழ்நாட்டையே கிறங்க வைத்த ஒரு குரல் போயிற்று. கிட்டப்பா அளவுக்குப் புகழ் இல்லாத நாடகப் பாடகர்களின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த 78 வேகத் தட்டுகள் செய்யப் பயன்பட்ட அரக்கு, நம்ம நாட்டுக் காடுகளில் பூச்சியிடமிருந்து எடுப்பது. ஆரம்பத்தில் இந்தியப் பாட்டுகளே ஜெர்மனியில் ஹனோவர் ஆலையில் அச்சாகித்தான் இங்கே வந்தன. 1908-ல்தான் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்தது.

காப்பாற்றியவர்கள் யார்?

பெரும்பாலும் தனி ஆட்கள்தான். சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ் பல்லாயிரம் 78 வேகத் தட்டுகளைச் சேர்த்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் பிடித்தார். ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர், சொந்தப் பணம் போட்டுச் சேர்த்தார். தன் சேகரிப்பிலிருந்தே பழைய பாட்டுகளைத் தொகுத்து மறுபடி வெளியிடவும் கொடுத்தார். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், யாரிடம் எந்தத் தட்டு இருக்கிறது என்று அலைந்து பட்டியல் போட்டது. 2011-ல் விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசை ஆவணக் காப்பகம், பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றி எல்லோரும் இலவசமாகக் கேட்க வைத்தது.

ஒடியன் என்ற தட்டு நிறுவனத்தின் கதை இன்னும் சுவை. 1930-களில் சென்னையில் அதன் தட்டுகளை விற்றது மவுண்ட் ரோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ். அதை நடத்தியவர்களில் ஒருவர் பின்னாளில் ஏவி.எம். ஸ்டுடியோ தொடங்கிய ஏ.வி.மெய்யப்பன். நாடகப் பாட்டுகள் உட்பட ஏராளமாக வெளியிட்டார்கள். அந்த ஒடியன் தட்டுகள் அழிந்துவிடக் கூடாது என்று தனியார் சேகரிப்புகளைத் தேடிப் பதிவு செய்யும் வேலைக்கு உதவியது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம்!

இங்கேதான் விகனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. அங்கே சேகரிப்பவர் லேபிளை மறைத்தார், ஏனென்றால் அவருக்குச் சந்தை இருந்தது, போட்டி இருந்தது. அந்தப் பேராசைதான் அந்தப் பாட்டுகளைக் காப்பாற்றியது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கே சந்தையே இல்லை. ஆகவே சேகரித்தவர்கள் லேபிளைப் படித்து, எண்ணை எழுதி, கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவர்கூட இல்லை.

பணம் யாருக்குப் போகிறது?

ஒரு தட்டு லட்சம் பவுண்டுக்கு விற்றால் பாடியவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. பழைய பொருள் கைமாறும்போது பணம் வைத்திருந்தவருக்குத்தான். பிராங்க் வில்சன் 2012-ல் காலமானார், அதற்கு முன் மதப் பணிக்குப் போய்விட்டார். குளோரியா ஜோன்ஸ் 1960-களின் நடுவில் பாடித் தோற்றுப்போன 'டெய்ன்டட் லவ்' பாட்டு, இந்த ஆட்டக்கூடங்களில் உயிர் பெற்றது. 1981-ல் 'சாஃப்ட் செல்' என்ற ஆங்கிலேயக் குழு அதைப் பாடி முதலிடம் பிடித்தது. வைத்திருப்பவர் இல்லையென்றால் பாட்டு செத்திருக்கும். பாடியவர் இல்லையென்றால் பாட்டே இல்லை. சந்தை இந்த இருவரில் ஒருவருக்குத்தான் கணக்குத் தீர்க்கிறது. விலையையும் மதிப்பையும் ஒன்றாக நினைப்பவர்களுக்கு இந்த உதாரணம் போதும்.

நம்ம ஊர்ச் சம்பந்தம் இல்லாமல் முடிக்க மனசில்லை. போடியிலிருந்து தேவாரம் வழியாகப் போனால் பண்ணைப்புரம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக்காக மலைமேல் போய்ப் பாடினார். கூடப் போன தம்பிதான் பின்னாளில் இளையராஜா. மேடையில் பாடியது காற்றோடு போகும், தட்டில் ஏறியது சுற்றிவரும். 2010-களில் மான்செஸ்டர் பக்கத்துத் தட்டு சேகரிப்பாளர் ஆண்டி வோட்டலும் நண்பர்களும் நடத்தும் நிறுவனம், இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான திரைப்பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து 'சொல்லச் சொல்ல' என்ற பெயரில் தட்டாக வெளியிட்டது. நிறுவனத்தின் பெயர் 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்'. அதாவது, கண்டெடுத்தவனுக்கே சொந்தம்! நம்ம மைக் செட்காரர்கள் இரும்புக்கடைக்குப் போட்ட ரகத் தட்டைத்தான் அவர்கள் கண்டெடுத்தார்கள். :-)

உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால்...

சில விஷயங்களைக் கவனியுங்கள். கனமாக, கீழே விழுந்தால் உடையும் தட்டு என்றால் அது 78 வேக அரக்குத் தட்டு. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிற்க வையுங்கள். எல்.பி. ஊசியால் ஓட்டிப் பார்க்காதீர்கள், 78-க்கு ஊசியே வேறு. லேபிளில் உள்ள பெயர்களையும், லேபிளை ஒட்டிப் பொறித்திருக்கும் எண்ணையும் அப்படியே எழுதி வையுங்கள். அந்த எண்தான் தட்டின் பிறப்புச் சான்று. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் மீதான உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 வருஷம்தான். ஆகவே 1930-களின் ஒலிப்பதிவுகள் அந்தக் கணக்கைத் தாண்டி நெடுநாளாகிவிட்டது.

உங்கள் தாத்தா, பெரியப்பா யாராவது மைக் செட் வைத்திருந்தால், தட்டுகளை என்ன செய்தார்கள் என்று இந்தப் பொங்கலுக்குள் கேட்டுவிடுங்கள். தட்டு கிடைக்காவிட்டாலும், எந்தத் திருவிழாவில் எந்தப் பாட்டு ஓடியது என்ற பட்டியலாவது கிடைக்கும். அதையும் இப்போதே எழுதி வைத்தால்தான் உண்டு.