விரதம், வாயு, வாந்தி: சித்தூர் வட்டாரத்தில் ஒரு நோயை அடையாளம் கண்ட வரலாறு

1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிசில் சார்லஸ் லாசேக் என்ற இரண்டு மருத்துவர்கள், ஒருவரோடொருவர் கலந்தாலோசிக்காமலே, ஒரே நோயைப் பற்றி எழுதினார்கள். வீட்டில் உணவுக்குக் குறைவில்லை. உடலில் வேறு நோயும் தென்படவில்லை. ஆனாலும் இளம்பெண்கள் சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாகிறார்கள். கல் வைத்த ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்ற பெயர் 1874-இல் அச்சேறி நிலைத்துவிட்டது.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். 1877-இல் இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பொறுப்பாளர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். அதில் உடல் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். ஐரோப்பாவில் உணவிருந்தும் உண்ணாதவர்களுக்கு மருத்துவம் பெயர் தேடிய அதே பத்தாண்டில், இந்த மண்ணில் உண்ண ஏதுமின்றி மக்கள் மடிந்தார்கள். சாப்பிட மறுப்பது வசதி படைத்த மேலைநாட்டாரின் நோய், நமக்கு அது வராது என்ற எண்ணம் இங்கே நெடுங்காலம் நிலைத்ததற்கு இந்தப் பஞ்ச நினைவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். பெண்பிள்ளை மெலிந்தால் காசநோயா, பூச்சியா, ரத்தசோகையா என்று பார்த்தார்கள். எதுவும் இல்லையென்றால் திருஷ்டி கழித்தார்கள், மந்திரித்தார்கள்.

நோய் இங்கே இல்லாமல் இல்லை. அது வேறு முகத்தோடு வந்தது.

1995-இல் டெல்லி மருத்துவர்கள் காண்டேல்வால், சரண், சக்சேனா ஆகியோர் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உணவு மறுப்பு, ஓயாத வாந்தி, கடும் எடை இழப்பு, மாதவிடாய் நின்றுபோதல் எல்லாம் இருந்தன. ஆனால் மேலைநாட்டு நூல்கள் முதன்மையாகச் சொல்லும் ‘நான் குண்டாக இருக்கிறேன்’ என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை. ஹாங்காங்கில் சிங் லீ 1993-இல் வெளியிட்ட ஆய்விலும் 70 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எடை குறித்த அச்சம் இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். சித்தூரிலோ புத்தூரிலோ ஒரு பெண் மருத்துவரிடம் சொல்லக்கூடியதும் இதேதான். அவள் கைக்குக் கிடைப்பது வாயு மாத்திரை.

தமிழ்நாட்டுத் தரவுகளும் இதையே உறுதி செய்தன. டி.என். சீனிவாசனும் அவருடைய சகாக்களும் 1990-களில் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தார்கள். நூல் இலக்கணப்படி நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் உணவையும் உடலையும் பற்றிய வேதனை 31 பேரிடம் இருந்தது. சித்தூருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மனநலப் பிரிவு பழைய பதிவேடுகளைப் புரட்டி 2007-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் முக்கியமானது. உண்ணல் கோளாறு கண்ட 41 சிறாரில் 85 விழுக்காட்டினருக்கு மன அழுத்தத்தால் வரும் வாந்திதான் இருந்தது. அனோரெக்சியா இருந்தவர்கள் 15 விழுக்காட்டினர்கூட இல்லை. சித்தூர் மாவட்டத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனை அது. ஆகவே இந்த வட்டாரத்துப் பெற்றோர் எடைப் பேச்சுக்காக மட்டும் காத்திருக்காமல், காரணம் தெரியாத தொடர் வாந்தியையும் கவனிக்க வேண்டும்.

உலக நோய் வகைப்பாடும் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. எடை கூடுமோ என்ற அச்சத்தை வாயால் சொல்லாவிட்டாலும், எடை கூடவிடாத நடத்தை தொடர்ந்தால் போதும் என்றது. அடக்க முடியாமல் அள்ளி உண்ணும் கோளாறுக்கும் அதில்தான் தனி இடம் கிடைத்தது.

திருப்பதியில் இன்னொரு சிக்கல் உண்டு. மலையேறும் ஊர், சனிக்கிழமை ஒருபொழுதும் ஏகாதசிப் பட்டினியும் வாழ்க்கையோடு கலந்த ஊர். 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருவாலங்காடு, வற்றிய பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரின் தலம். ஐரோப்பாவில் சியனா நகரத்துப் புனித கேத்தரின் போன்ற துறவியரின் உண்ணாமையை அனோரெக்சியாவோடு ஒப்பிட்டு ருடால்ஃப் பெல் 1985-இல் ஒரு நூலே எழுதினார். அம்மையாரின் பக்தியை அப்படி நோய்ப் பட்டியலில் சேர்ப்பது தவறு. ஆனால் இன்றைய கல்லூரிப் பெண்ணின் விரதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஏகாதசிக்குத் துவாதசிப் பாரணை உண்டு. விரதம் உணவில் முடியும். நோய்க்குப் பாரணை கிடையாது. விரத நாட்கள் கூடிக்கொண்டே போனால், பாரணையையும் தட்டிக்கழித்தால், பிரசாதத்தைக்கூட ஒளித்து வைத்தால் அது பக்தியின் வழியல்ல. வெங்கடேசுவரா, பத்மாவதி பல்கலைக்கழகங்கள் உள்ள திருப்பதியில் ஏராளமான பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அங்கே யார் சாப்பிட்டார், யார் தட்டை அப்படியே வைத்தார் என்று பார்க்க ஆளில்லை.

மீட்பின் வரலாற்றில்தான் இந்த வட்டாரம் பெருமைப்பட இடமுண்டு. கல் முதல் ஷார்கோ வரை பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரிப்பதையே மருந்தாகக் கருதினார்கள். குற்றம் தாயின் மேல் விழுந்தது. வேலூர் பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல மையமோ, குடும்பத்தில் ஒருவர் நோயாளியுடனே தங்க வேண்டும் என்ற முறையை வளர்த்தது. அதற்கு முன்னோடி, அமிர்தசரஸ் மருத்துவமனை வளாகத்தில் உறவினரைக் கூடாரங்களில் தங்கவைத்த மருத்துவர் வித்யாசாகர். அந்த ஏற்பாடு உண்ணல் கோளாறுக்கென்று உருவானதல்ல. ஆனால் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஜெரால்டு ரஸ்ஸல் குழுவினர் 80 நோயாளிகளை வைத்து நடத்தி 1987-இல் வெளியிட்ட ஆய்வு அதே திசையைக் காட்டியது: 19 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்றாண்டுக்கு உட்பட்டிருந்தால் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சையே நன்றாகப் பலித்தது. அதில் பெற்றோர் குற்றவாளிகளல்ல. வேளைக்கு வேளை தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டத்தை மீட்பவர்கள்.

பக்கத்தில் உட்காருவது எளிதல்ல. பிள்ளை கத்துவாள், பொய் சொல்வாள். அவள் திமிர் பிடித்தவள் என்று நினைப்பவர்கள் 1944–45 மின்னசோட்டா ஆய்வை அறிந்திருக்க வேண்டும். ஆன்சல் கீஸ், நல்ல உடலும் மனமும் கொண்ட 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஓயாமல் உணவையே நினைத்தார்கள், சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். பட்டினி மூளையையே மாற்றுகிறது. ஊட்டம் திரும்பினால்தான் மனம் பேச்சைக் கேட்கும். அதே சமயம் மிகவும் மெலிந்தவருக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டுவது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுபோகலாம். மயக்கம், படபடப்பு, கால் வீக்கம் இருந்தால் திருப்பதியில் ருயா மருத்துவமனை, ஸ்விம்ஸ், அல்லது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. வீட்டில் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் தட்டைத் தள்ளிவைத்தாலோ, சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடினாலோ, அடுத்த வாயு மாத்திரை வாங்குவதற்கு முன் அந்த எண்ணை அழையுங்கள்.