கான்வென்ட் பள்ளியும் தாய்மொழியும்

ஜொகூர் பாருவின் துருஸ் சாலை வட்டாரத்தில் சற்று நடந்தால், பழைய சீனக் கோயில், ராஜமாரியம்மன் ஆலயம், 1883-இல் எழுந்த அமலோற்பவ மாதா தேவாலயம் ஆகியவற்றைக் காணலாம். இப்படிப் பல இனத்தவர் கூடி வாழ்ந்த நகரில் கத்தோலிக்கப் பள்ளி ஆற்றிய பணி யாது?

1852-இல் பினாங்கு வந்திறங்கிய குழந்தை இயேசு சபைக் கன்னியர் அங்கே பெண்களுக்குப் பள்ளி நிறுவினர். அச்சபையின் கான்வென்ட் பள்ளி 1925-இல் ஜொகூர் பாருவிலும் அமைந்தது. சீனர், இந்தியர், யுரேஷியர் பிள்ளைகள் சமய வேறுபாடின்றி ஒரே வகுப்பில் அமர்ந்தனர். ஆங்கிலம் அவர்களை இணைத்தது. ஆசிரியை, தாதி, எழுத்தர் வேலைகளுக்கும் வழி திறந்தது. ஆனால், பாடமொழியாகத் தமிழுக்கு அங்கு இடமில்லை. தோட்டப் பள்ளியிலோ தமிழ் இருந்தது. மேற்படிப்புக்கு வழி குறுகலாக இருந்தது.

1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ், அரசின் முழு உதவி பெற்ற சமயப் பள்ளிகள் பொதுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள், முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால், அரசுப் பள்ளியில் தாய்மொழி கற்பிக்க அந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை நிலைநிறுத்தியது.

ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை நகரப் பள்ளிகளுக்கு அனுப்பிவைக்கும் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் நாங்கள். பெற்றோரிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே: பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே தமிழ் வகுப்பைக் கேளுங்கள். பதினைந்து பேர் சேரும்வரை காத்திராமல், முதல் ஆளாகக் கேளுங்கள்.