நோஸ்பெராட்டு: முதற்படமும் வழிப்படங்களும் காட்டும் கொடியோன்

அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களை வகுத்தார் தொல்காப்பியர். இப்பகுப்பு நம் செய்யுட்கென அமைந்ததாயினும், அச்சுறுத்தும் கலை எங்குத் தோன்றினும் அதனை அளத்தற்கு உதவும் கோலாகும். அக்கோல் கொண்டு செருமானியத் திரைப்படக் கொடியோன் ஒருவனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். 1922-இல் தோன்றிய முதற்படத்தையும், 1979, 2024 ஆகிய ஆண்டுகளில் எழுந்த வழிப்படங்கள் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். கதை ஏறத்தாழ ஒன்றே. கொடியோனோ ஒருவன் அல்லன். இவ்வேறுபாடு ஒப்பனையளவில் நிற்பதன்று. தீமை எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவிற்கு அவ்வக்காலம் கூறிய விடையின் வேறுபாடே அஃது என்பது எம் கருத்து.

முதற்படம் என்றோமேனும் அதுவும் ஒரு வழிப்படைப்பே. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் வெளியிட்ட 'டிராக்குலா' என்னும் புதினத்தை, உரிமை பெறாமலே பிராணா என்னும் நிறுவனம் படமாக்கியது. உயிர்ப்பைக் குறிக்கும் வடசொல்லே அந்நிறுவனத்தின் பெயராயிற்று. ஹென்ரிக் கலீன் திரைக்கதை எழுத, முர்னாவ் இயக்கிய அவ்வூமைப்படம் 1922 மார்ச்சு 4-ஆம் நாள் பெர்லினில் அரங்கேறியது. ஸ்டோக்கரின் கைம்பெண் பிளாரென்ஸ் வழக்குத் தொடுத்தார். படிகள் யாவும் அழிக்கப்படுக என 1925-இல் தீர்ப்பாயிற்று. எஞ்சிய சில படிகளால் படம் பிழைத்தது. களவெனத் தள்ளுண்ட படைப்பே பின்னையோர்க்கு மூலமாயிற்று.

படத்தின் கதையைச் சுருங்கக் கூறுவோம். 1838-இல், விஸ்போர்க் என்னும் கற்பனை நகரத்து இளைஞன் ஒருவன், வீடு விற்கும் பொருட்டுக் கார்ப்பேத்திய மலைநாட்டுக் கோட்டையொன்றை அடைகின்றான். ஆங்குறையும் கோமகன் ஆர்லாக், இறந்தும் இறவாதவனாய்க் குருதியுண்டு வாழ்பவன். அவன் இளைஞனின் மனைவி எலனின் உருவத்தைக் கண்டு விழைந்து, மண் நிரம்பிய பெட்டிகளுடன் கப்பலேறி அந்நகரை அடைகின்றான். எலிகளும் கொள்ளைநோயும் உடன் வருகின்றன. சேவல் கூவுமளவும் அவனைத் தன்பால் இருத்தி, தன்னுயிரை ஈந்து, வைகறை ஒளியில் அவனை மாய்க்கின்றாள் எலன். புதினத்து டிராக்குலா பகலிலும் நடமாட வல்லவன். வாளாலும் கத்தியாலும் மாய்பவன். ஞாயிற்றொளியால் அழியும் இயல்பு முர்னாவின் படம் சேர்த்ததேயாகும்.

மாக்ஸ் ஷ்ரெக் நடித்த அவ்வார்லாக் மயிரற்ற தலையன், கூர்ஞ்செவியன், எலியினுடையன போன்ற முன்பற்களும் நீண்ட உகிர்களும் உடையன். புதினத்துக் கோமகனின் நாவன்மை இவன்பால் இல்லை. நால்வகை நிலைக்களனும் இவன்பால் உளவேனும், மேலோங்கி நிற்பது விலங்கே. பெரும்போரும் 1918-இன் நச்சுக்காய்ச்சலும் கண்டு மீண்ட மக்கட்கு, கப்பலில் வந்திறங்கும் சாவு வெறுங்கற்பனையாய்த் தோன்றியிராது.

இவ்விடத்து ஒரு தடை எழுகின்றது. 1947-இல் 'காலிகரி முதல் ஹிட்லர் வரை' என்னும் நூலை எழுதிய கிராக்கவர், அக்காலச் செருமானியத் திரையில் மலிந்த கொடுங்கோலர் வரிசையில் ஆர்லாக்கையும் வைத்தார். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலரோ, அவனது மூக்கும், கிழக்கினின்று வரும் வரவும், எலிக்கூட்டமும் யூதரை இழித்துக்காட்டிய கேலிச்சித்திரங்களை ஒத்துள்ளன என்பர். 1940-இல் நாஜி ஆட்சியில் வெளிவந்த பரப்புரைப்படம் ஒன்று யூதரை எலிகளோடு இணைத்துக் காட்டியதை எண்ணுங்கால், இக்கூற்றை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. எனினும், பின்னையோர் நோக்கத்தை முன்னையோர்மேல் ஏற்றுதல் வரலாற்று நெறியன்று. திரைக்கதை ஆசிரியர் கலீனே யூதர் ஆவர். படைத்தோர் கருத்து யாதாயினும், தீமையை முற்றிலும் புறத்தே வைத்து அதற்கு விலங்கின் முகம் தருதல், வெறுப்பை வளர்ப்போர் கைக்கு எளிதில் எட்டும் அமைப்பு என்பதே யாம் கொள்ளும் முடிபு.

1979-இல் வெர்னர் ஹெர்ட்ஸோக் இயக்கிய வழிப்படத்தை இவ்வொளியில் காணல் வேண்டும். 1942-இல் பிறந்த அவர், தம் தலைமுறை தந்தையரை இழந்தமையின் கலையில் பாட்டன்மாரையே நாடவேண்டியதாயிற்று எனக் கூறியவர். கிளவுஸ் கின்ஸ்கியின் கோமகன் மீண்டும் டிராக்குலா என்னும் பெயர் பெறுகின்றான். மயிரற்ற தலையும் முன்பற்களும் மாறவில்லை, மாறியது உள்ளம். இவன் இறக்கவியலாமையை நொந்து, அன்பின்றி வாழ்தலினும் கொடிது பிறிதில்லை என இரங்குகின்றான். அச்சத்தின் இடத்தை அழுகை கவர்கின்றது. ஆயினும் இரக்கம் தீமையைக் குறைத்துவிடவில்லை. முர்னாவின் படத்தில் கொடியோன் மாய்ந்தவுடன் நோயும் ஒழிகின்றது. ஈண்டோ, அவன் மாய்ந்தபின் கணவன் ஜோனதனே குருதியுண்போனாய் மாறி, குதிரையேறிச் செல்கின்றான். தீமை ஊரின் நன்மகனுக்கே உரித்தாயிற்று. 1945-க்குப் பின் செருமானியர் ஒருவர் இக்கதையைக் கூறுங்கால், புறத்தே வந்தவன் அழிந்தான், யாவும் முடிந்தது என்று அமைதல் அரிதே.

2024-இல் அமெரிக்கரான ராபர்ட் எக்கர்ஸ் இயக்கிய படம் மூன்றாம் விடையைத் தருகின்றது. பில் ஸ்கார்ஸ்கார்டு ஏற்ற ஆர்லாக் எலிமுகத்தன் அல்லன். அடர்ந்த மீசையும் மயிர்த்தோலாடையும் பூண்ட பழங்குடிக் கோமான், அழுகிய பிணம், ஆயினும் தன்னை ஆண்டகையென விளிக்குமாறு பணிப்பவன். ஈண்டு விலங்கு பின்வாங்க, இறையும் அணங்கும் முன்னிற்கின்றன. இளமையில் தனிமையால் வருந்திய எலன் துணை வேண்டி அழைத்த குரலே அவனை எழுப்பியது என்பது கதையின் புதுத் தொடக்கம். எனவே, தீமைக்கு வாயில் மலைநாட்டுக் கோட்டையன்று, ஒருத்தியின் உள்ளமே. இம்மாற்றத்தால் எலனின் உயிர்க்கொடை ஆழம் பெறுகின்றது. எனினும், துன்புற்றவளையே துன்பத்திற்குக் காரணமாக்கும் இடரும் உடன் வருகின்றது.

புறம், ஊர், உள்ளம் எனத் தீமையின் உறைவிடம் மும்முறை பெயர்ந்தமை கண்டோம். பிந்தியதே சிறந்தது என்பது எம் துணிபன்று. முதற்படத்திலேயே இம்மாற்றத்திற்கு வித்து உண்டு. கோமகனின் ஏவலனான வீட்டுத்தரகன் நாக் என்பவனை, கொள்ளைநோய்க்கு அஞ்சிய ஊரார் பழிகாரனெனத் துரத்துகின்றனர். வயலில் நின்ற புல்லுருவை அவனென மயங்கிப் பிய்த்தெறிகின்றனர். அவ்வேளையிலும் கொடியோன் எதிர்வீட்டிலேயே உறைகின்றான். எலியின் முகத்தை அவனுக்குத் தந்த அதே படம், முகம் கண்டு பகைப்போர் கையில் எஞ்சுவது வைக்கோலே என்பதையும் காட்டிற்று. வழிப்படங்கள் இரண்டும் அக்காட்சிக்கு எழுதிய உரைகள் எனின் அது மிகையாகாது.