யாருடைய நாட்கூலி?

ரக்பி லீக் கூலிச் சண்டையில் பிறந்த ஆட்டம். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆடப்போனால் அன்றைய சம்பளம் போய்விடும். அதை ஈடுகட்டக் கூடாது என்றது ரக்பி சங்கம். 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிய வட இங்கிலாந்து கிளப்புகள் பிரிந்துவந்தன. உழைப்பவர் பக்கம் நின்ற ஆட்டம் என்று இதை நான் கொண்டாடியிருக்கிறேன், மேகி மொலோனியைப் பற்றிப் படிக்கும்வரை.

1921 செப்டம்பர் 17, சிட்னி. பெண்கள் ஆட்டம். மெட்ரோபாலிடன் புளூஸ் அணி சிட்னி ரெட்ஸை 21-11 என வென்றது. மொலோனி மட்டும் 4 முறை எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினார். பார்க்க வந்தவர்கள் 20,000 பேருக்கு மேல். பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள் என்று இன்றும் கேட்கிறவர்களுக்காகவே இந்த எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஆண்கள் நடத்திய லீக் நிர்வாகமோ பெண்களின் ஆட்டத்துக்குக் கைகொடுக்கவில்லை. ஓர் ஆண் அன்று அப்படி ஆடியிருந்தால், மறுவாரமே கிளப்புகள் அவன் வீட்டு வாசலில் நின்றிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் தேசியப் பெண்கள் லீக் 2018இல்தான் வந்தது, 4 அணிகளோடு. அப்போதும் பல வீராங்கனைகள் வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடினார்கள். பயிற்சிக்கு விடுப்பெடுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும்.