யாரோடு ஒப்பிடுவது? பெண் ஊழியர் வழக்குகளில் ‘கேடர்’ என்னும் அரண்

அரசமைப்பின் 14, 15, 16ஆம் உறுப்புகள் அரசு வேலையில் பெண்ணுக்குச் சமத்துவத்தை உறுதி செய்கின்றன. ஆனால் வழக்கு நீதிமன்றத்தை எட்டியதும், இந்த ஊழியரை யாரோடு வைத்துப் பார்ப்பது என்ற கேள்விதான் முந்திக்கொள்கிறது. சமமானவர்களுக்கிடையில்தானே பாகுபாடு காட்ட முடியும் என்பது பழைய வாதம். அதை ஏற்றுக்கொண்டால், யார் சமம் என்று வகுக்கும் அதிகாரம் பணி விதிகளை எழுதும் நிர்வாகத்தின் கைக்கே போய்விடுகிறது. பெண் அரசு ஊழியர் தொடர்பாக உச்ச நீதிமன்றம் அளித்த முக்கியத் தீர்ப்புகளின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்த ஒப்பீட்டில்தான் முடிவாகியிருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1979இல் தீர்ப்பான முத்தம்மா வழக்கில் இச்சிக்கல் எழவே இல்லை. குடகில் பிறந்து சென்னையில் படித்த சி.பி. முத்தம்மா 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம். மணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது. 1961ஆம் ஆண்டின் விதிகள் இப்படி இருந்தன. ஆணும் பெண்ணும் ஒரே தேர்வெழுதி ஒரே பணியில் சேர்ந்தவர்கள் என்பதால் பாகுபாடு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் விதிகளைக் கடுமையாகச் சாடினார். ஆனாலும் மனு தள்ளுபடியானது. வழக்கு நடக்கும்போதே முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. ஒரு விதி ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது, மற்றது நீக்கப்படும் என்று அரசு உறுதியளித்தது. தீர்ப்பின் சொற்கள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. மனுதாரருக்கு அது தந்தது, பணிமூப்பைப் பரிசீலிக்கும்படி அரசுக்கு இட்ட ஓர் உத்தரவு மட்டுமே.

இரண்டே ஆண்டுகளில் வந்த நர்கீஸ் மீர்சா வழக்கு (1981) வேறு வகையானது. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும்; பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் முடித்தாலோ, முதன்முறை கருவுற்றாலோ அப்போதே வேலை போகும். மேலாண்மை இயக்குநர் மனம் வைத்தால் 45 வயது வரை நீட்டிக்கலாம். அதே விமானத்தில் பணிபுரிந்த ஆண்களான உதவி ஃப்ளைட் பர்சர்களுக்கு ஓய்வு வயது 58. அவர்களோடு தங்களை ஒப்பிட வேண்டும் என்பது பெண்களின் கோரிக்கை. ஆளெடுப்புத் தகுதி, ஊதியம், பதவி உயர்வு வழி எல்லாம் வேறு, ஆகவே இவை இரண்டும் வெவ்வேறு கேடர் (பணிப் பிரிவு) என்று நீதிமன்றம் அதை நிராகரித்தது. அந்த வேறுபாடுகள் அனைத்தையும் வகுத்தது யார்? பாகுபாடு காட்டுவதாகக் குற்றம் சாட்டப்பட்ட நிறுவனமே. இத்தீர்ப்பின் அடிப்படைப் பலவீனம் இதுதான் என்று கருதுகிறேன். பாலினத்தோடு வேறொரு காரணமும் சேர்ந்திருந்தால் 15ஆம் உறுப்பு தடுக்காது என்ற விளக்கமும் இந்த அரணை உயர்த்தியது.

கர்ப்பத்தால் வேலை பறிபோகும் விதியை நீதிமன்றம் அறுத்தெறிந்தது. மேலாண்மை இயக்குநரின் கட்டற்ற அதிகாரத்தையும் நீக்கியது. அவை ஒப்பீடு இல்லாமலே, தன்னிச்சையானவை என்ற அடிப்படையில் வீழ்ந்தவை. நான்கு ஆண்டுத் திருமணத் தடையோ பெண்ணின் உடல்நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்று காப்பாற்றப்பட்டது. முதல் கர்ப்பத்துக்குப் பதில் மூன்றாவது கர்ப்பத்தில் பணி முடியும் என்று விதி இருந்தால் அது ஏற்கத்தக்கது என்றும் தீர்ப்பு போகிற போக்கில் சொல்லிவைத்தது. ஊழியரின் கருப்பையை மக்கள்தொகைக் கொள்கையின் கருவியாகப் பார்க்கும் அந்தப் பார்வை பின்னாளிலும் தலைகாட்டியது.

பணிப்பெண்கள் 50 வயதில் பறப்பதை நிறுத்த வேண்டும், ஆண்கள் 58 வரை பறக்கலாம் என்ற ஏற்பாட்டையும் 2003இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தொழிற்சங்க ஒப்பந்தமும் தனித்தனிப் பணி நிபந்தனைகளும் அப்போது கைகொடுத்தன.

திருப்பம் ராணுவத்திலிருந்து வந்தது, சற்றே எதிர்பாராத இடம்தான். 2020 பிப்ரவரியில் பபிதா புனியா வழக்கில், குறுகியகாலப் பணியிலிருந்த பெண் அதிகாரிகளையும் நிரந்தர கமிஷனுக்குப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. பெண்களின் உடலமைப்பையும் குடும்பப் பொறுப்பையும் முன்வைத்த ஒன்றிய அரசின் வாதம் எடுபடவில்லை. அதன் பிறகு ராணுவம் ஆண்களுக்கான அளவுகோலை அப்படியே பெண்களுக்கும் வைத்தது. பார்வைக்கு இதைவிடச் சமத்துவம் ஏது? ஆனால் ஆண்கள் அந்த மருத்துவத் தகுதியைப் பணியின் ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில், இளமையில் நிரூபித்தவர்கள். பல ஆண்டுகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பெண்களோ நடுத்தர வயதில் அதே உடல்தகுதியைக் காட்ட வேண்டியிருந்தது. இவர்களின் ஆண்டு இரகசியக் குறிப்புகளும் அப்படித்தான். நிரந்தரமாக்கப்படப் போவதில்லை என்ற எண்ணத்தோடு மேலதிகாரிகள் எழுதியவை. 2021 மார்ச்சில் நிதிஷா வழக்கில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் இதை மறைமுகப் பாகுபாடு என்று வகைப்படுத்தினார். நோக்கம் இருந்ததா என்பது தேவையில்லை, விளைவே போதும் என்ற நிலைப்பாடு கேடர் வாதத்தின் வேரிலேயே கைவைக்கிறது. ஒரே அளவுகோல் என்பதே பதிலாகாதபோது, வேறு அளவுகோல் வைக்கத் தனிக் கேடர் இருக்கிறது என்பது எப்படிப் பதிலாகும்? மீர்சா வழக்கு இன்று வந்தால் இந்தப் பார்வையில் தேறுவது கடினம்.

2025 மே 23 அன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் வந்த தீர்ப்பு ஒப்பீட்டையே தாண்டிச் செல்கிறது. முதல் மணத்தில் இரு குழந்தைகள், இருவரும் அவர் பணியில் சேரும் முன் பிறந்தவர்கள். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு கேட்டார். இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் உயிருடன் இருந்தால்தான் விடுப்பு என்ற மாநில அடிப்படை விதி 101(அ)வைக் காட்டி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி விடுப்பு தந்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு மகப்பேறு விடுப்பை 21ஆம் உறுப்பு காக்கும் இனப்பெருக்க உரிமையோடு இணைத்து ஆசிரியைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் மூன்றாவது குழந்தைக்கு 26 வாரங்களை 12 ஆகக் குறைத்ததே தவிர விடுப்பையே மறுக்கவில்லை என்பதும் சுட்டப்பட்டது. மீர்சா தீர்ப்பு இயல்பாக ஏற்றுக்கொண்ட மக்கள்தொகை வாதம் இங்கே எடுபடவில்லை. அந்த நோக்கமும் மகப்பேறு நலனும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்றது அமர்வு.

எனினும் 101(அ) செல்லாது என்று அறிவிக்கப்படவில்லை. விடுப்பு விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலக எழுத்தரின் கையில் விதிப் புத்தகம்தான் இருக்கும், தீர்ப்பு இருக்காது. மூன்று குழந்தைகளையும் பணியில் சேர்ந்த பிறகே பெற்ற ஊழியருக்கு அரசு வழக்கறிஞர் சொல்லப்போகும் பதிலும் ஊகிக்கக்கூடியதே: இவர் அந்த ஆசிரியையைப் போன்றவர் அல்லர், முன்பே பிறந்த குழந்தைகள் இவருக்கு இல்லை. உரிமை பற்றிய பொதுக் கூற்றை அந்த வழக்கின் தனி மெய்ம்மைகளுக்குள் சுருக்கும் இந்த வாதத்துக்கு இடமில்லாமல் செய்ய, மாநில அரசு 101(அ)வைத் திருத்தினாலே போதும்.