18650: கைக்குள் இருந்த நெருப்பின் வரலாறு

18650 என்பது ஒரு பற்றரியின் பெயர். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், கடைசிப் பூச்சியம் அது உருளை வடிவானது என்பதற்கான குறி. பல வருடங்களாக மடிக்கணினிகளின் அடிவயிற்றில் ஆறாகவும் எட்டாகவும் அடுங்கிக் கிடந்து, எங்கள் கண்ணில் படாமலே உழைத்த பொருள். டெஸ்லா நிறுவனத்தின் முதல் கார் இத்தகைய 6,831 பற்றரிகளில்தான் ஓடியது. மடிக்கணினிக்குள் இருந்த இந்த உருளை தனியே கழன்று மனிதர்களின் காற்சட்டைப் பைக்கும் உதட்டுக்கும் எப்படி வந்து சேர்ந்தது, வந்த வழியில் யார் என்ன கற்றார்கள் என்பதே இந்தக் கட்டுரை.

லண்டனின் வடமேற்கில் கைபேசி திருத்தும் கடையொன்றில் பன்னிரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். பக்கத்திலேயே எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை. அங்கே கல்லாவுக்குப் பின்னாலுள்ள தட்டில் சிகரெட் மறைந்து வேப் வந்ததை நான் நாளுக்கு நாள் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கடைகள் தென்னிலங்கை ஊர்களெங்கும் இருந்தன. இன்று புலம்பெயர்ந்த நகரங்களின் மூலைக்கடைகளில் வேப் விற்பவர்களிலும் நாங்கள் கணிசமாக இருக்கிறோம். வாங்குபவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிக்கொற்றினின் நன்மை தீமை வேறு கட்டுரைக்கு உரியது. நான் பேச வருவது அதற்கு முன்னால் உள்ள நெருப்பைப் பற்றி.

லித்தியத்தின் கதை தொடக்கத்திலிருந்தே நெருப்பின் கதை. 1970களில் எக்ஸன் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஸ்ரான்லி விற்றிங்ஹம் முதலாவது மீள்மின்னேற்ற லித்தியம் பற்றரியைச் செய்தார். ஆய்வுகூடம் பல தடவை தீப்பற்றியது. லித்தியம் தீயை அணைக்கத் தேவையான விசேட இரசாயனங்களுக்கு நீங்களே பணம் கட்டவேண்டி வரும் என்று தீயணைப்புப் படையினர் எச்சரித்ததாக நோபெல் குழுவின் குறிப்பே சொல்கிறது. 1980இல் ஒக்ஸ்ஃபோர்டில் ஜோன் குட்இனஃப் கோபால்ட் ஒக்சைட்டை நேர்முனையாக வைத்து அழுத்தத்தை நான்கு வோல்ற்றுக்கு உயர்த்தினார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மோலி எனர்ஜி என்ற நிறுவனம் லித்தியம் உலோகத்தையே மறைமுனையாக வைத்துப் பற்றரி செய்து, ஜப்பானியக் கைபேசிகளுக்கு விற்றது. 1989இல் அவை தீப்பிடித்தன. எல்லாவற்றையும் திரும்ப அழைக்கவேண்டி வந்து நிறுவனம் முறிந்தது. 

இதற்கான மாற்று வழியை ஜப்பானில் அகிரா யொஷினோ ஏற்கெனவே கண்டிருந்தார். லித்தியம் உலோகத்தை நீக்கி அந்த இடத்தில் கரியை வைத்தார். 1986இல் தன் பற்றரியின் மேல் இரும்புக் கட்டியைப் போட்டுச் சோதித்தார். லித்தியம் உலோகப் பற்றரி எரிந்தது, அவருடையது எரியவில்லை. லித்தியம் அயன் பற்றரி பிறந்த கணம் அதுவே என்று அவர் பின்னாளில் சொன்னார். 1991இல் சொனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019இல் விற்றிங்ஹம், குட்இனஃப், யொஷினோ மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

ஸ்ரொக்ஹோமில் அன்று குட்இனஃப் சார்பில் நோபெல் உரையை நிகழ்த்தியவர் ஒரு தமிழர். தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 1980களில் ஒக்ஸ்ஃபோர்டில் குட்இனஃபுடன் சேர்ந்து, அவரோடே ரெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்ரினுக்குப் போனவர். கோபால்ட் ஒக்சைட் அளவுமீறிச் சூடானால் தன்னிடமுள்ள ஒட்சிசனை விட்டுவிடும். எரிபொருளும் ஒட்சிசனும் ஒரே டப்பாவுக்குள் இருப்பதால் அந்தத் தீயை மூடி அணைக்க முடியாது. சல்பேற்று, மொலிப்டேற்று போன்ற சேர்மங்களில் ஒட்சிசன் வேறோர் அணுவோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அப்படிப்பட்ட பொருளை நேர்முனையாக வைத்தாலும் போதிய அழுத்தம் பெறலாம் என்று மந்திரமும் குட்இனஃபும் 1980களின் பின்பகுதியில் காட்டினார்கள். 1997இல் குட்இனஃபின் குழு அறிவித்த இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி அந்த வழியில் வந்தது. கொள்ளளவு குறைவு, குணம் சாந்தம். நிறைய மின்சாரம் வேண்டுமா, சாந்தம் வேண்டுமா என்ற பேரம் இந்த வரலாறு முழுவதும் நடக்கிறது.

மின்சிகரெட்டின் கதை இதற்குப் பக்கத்தில் தனியே ஓடியது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹேர்பேர்ட் கில்பேர்ட் 1963இல் புகையில்லாச் சிகரெட்டுக்குக் காப்புரிமை கோரினார். பற்றரியால் சூடாக்கி, வாசனையூட்டிய ஈரக்காற்றை இழுப்பது அவருடைய எண்ணம். அதைப் பெருமளவில் செய்து விற்க யாரும் முன்வரவில்லை. 2003இல் சீன மருந்தாளரான ஹொன் லிக் தன் கருவிக்குக் காப்புரிமை கோர, அடுத்த வருடம் அது சீனாவில் றுயான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 'புகை போல' என்பது அதன் பொருள். உண்மைச் சிகரெட்டைப் போலவே இருக்கவேண்டும் என்று வடிவமைத்ததால் உள்ளே இருந்த பற்றரியும் பென்சில் மொத்தமே. சில மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும், ஆவியும் போதாது.

இந்தக் குறையிலிருந்துதான் 'மொட்' பிறந்தது. 2008இல் பிரித்தானியாவில் ரெட் றொஜர்ஸ், மற் றொஜர்ஸ் இருவரும் செய்த ஸ்க்ரூட்ரைவர் என்ற கருவியை முதல் மொட் என்பார்கள். ரோர்ச் உடலை எடுத்து, மின்குமிழ் இருந்த இடத்தில் ஆவியாக்கியைப் பொருத்தினால் போதும் என்று பலர் கண்டுகொண்டார்கள். கராஜில் கடைசல் இயந்திரம் வைத்திருந்தவர்கள் செம்பிலும் பித்தளையிலும் குழாய் கடைந்தார்கள். மரவேலை தெரிந்தவர்கள் பெட்டி செய்தார்கள். சிகரெட்டின் சாயல் கைவிடப்பட்டு, பற்றரியின் அளவே கருவியின் அளவானது. அப்படித்தான் மடிக்கணினிக்குள் இருந்த 18650 கைக்குள் வந்தது.

மடிக்கணினிக்குள் அதற்குக் காவல் இருந்தது. சூட்டையும் ஓட்டத்தையும் கவனித்து வெட்டிவிடும் சுற்றுப்பலகை அது. குழாய்க்குள் அந்தக் காவல் கிடையாது. இயந்திர மொட் எனப்பட்ட குழாயில் ஒரு பொத்தான், ஒரு பற்றரி, ஒரு கம்பிச்சுருள் மட்டுமே. அழுத்தினால் மின்சாரம் நேரே பாயும். கூடுதல் ஆவிக்காகச் சிலர் இரண்டு சிறு பற்றரிகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினார்கள். வலியது மெலியதை எதிர்த்திசையில் தள்ள, மெலியது வெடித்தது. 2012 பெப்ரவரியில் புளோரிடாவில் ஒருவரின் வாயிலேயே கருவி வெடித்து முன்பற்கள் போன செய்தி உலகெங்கும் பரவியது.

அதற்குள்ளாகவே தாமே செய்பவர்களிடையே விதிகள் உருவாகத் தொடங்கியிருந்தன. கோபால்ட் பற்றரியை விட்டு மங்கனீசுப் பற்றரிக்கு மாறு என்பது முதல் விதி. மேலுறையில் ஐசிஆர் என்றிருந்தால் கோபால்ட், ஐஎம்ஆர் என்றிருந்தால் மங்கனீசு. கொள்ளளவு குறைந்தாலும் பெரிய ஓட்டத்தைத் தாங்கும். ஒக்ஸ்ஃபோர்டில் பேசப்பட்ட அதே பேரம் கராஜுக்கு வந்து சேர்ந்தது. குழாயின் அடியில் துளை போடு என்பது அடுத்தது. வாயு வெளியேற வழியில்லாவிட்டால் குழாய் துப்பாக்கிக் குழலாகிவிடும். பையில் இருக்கும்போது பொத்தான் அழுந்தாமலிருக்கப் பூட்டு வளையம் வந்தது. சூடேறினால் தானே தளர்ந்து தொடர்பை அறுத்துவிடும் சுருள்வில் வந்தது. ஆவியாக்கியின் நடு ஊசி வெளியே நீண்டிராவிட்டால் அதை நேரே பற்றரியின் மேல் திருகாதே, விளிம்பு தட்டிக் குறுக்குச்சுற்று ஆகிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இரட்டைப் பற்றரிக் கருவிக்கு ஒரே நாளில் வாங்கிய இரண்டை வைத்து, சேர்த்தே பாவித்து, சேர்த்தே மின்னேற்றவேண்டும். அவற்றைக் 'கல்யாணமான பற்றரிகள்' என்று அழைத்தார்கள்.

ஓமின் விதியும் பள்ளிக்கூடத்தை விட்டு இங்கே வந்தது. முழுதாக மின்னேற்றிய பற்றரி 4.2 வோல்ற்று. சுருளின் தடை 0.5 ஓம் என்றால் 8.4 அம்பியர் ஓடும். பெரிய முகில் வேண்டுமென்று தடையை 0.1 ஓமுக்குக் குறைத்தால் 42 அம்பியர். நல்ல 18650 தொடர்ந்து தாங்குவது 20, மிஞ்சினால் 30. பௌதிகத்தில் சித்தியடையாத பையன்கள் என் கடை மேசையில் இந்தக் கணக்கை மனதில் போட்டுச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஏமாற்று லேபல்களையும் அவர்களே பிடித்தார்கள். 18650இன் கொள்ளளவு 3,500 மில்லியம்பியர் மணிக்கு மேல் போகாத காலத்தில் 9,900 என்று அச்சிட்டு விற்றவர்கள் இருந்தார்கள். பொழுதுபோக்காளர்கள் பற்றரிகளைச் சொந்தச் செலவில் வாங்கி, அளந்து, உண்மை எண்களை அட்டவணையாக வெளியிட்டார்கள்.

பிறகு சுற்றுப்பலகைகள் வந்தன. அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து எவோல்வ் நிறுவனத்தின் டிஎன்ஏ பலகை தடையை அளந்தது, குறுக்குச்சுற்று என்றால் இயங்க மறுத்தது. நிக்கல் கம்பி சூடேறும்போது அதன் தடை உயரும். அந்த உயர்வை வைத்து வெப்பநிலையைக் கணக்கிட்டு நிறுத்தும் வசதி 2014 வாக்கில் பரவியது. மடிக்கணினியில் விட்டுவந்த காவலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லலாம்.

அரசின் கணக்கு பின்னால் வந்தது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2014 அறிக்கையில், உருளைக் கருவியில் பற்றரி பழுதானால் அது சிறு றொக்கற் போல அறையைத் தாண்டிப் பாயும் என்று எழுதியது. 2017 அறிக்கையில் 2009 முதல் 2016 வரையிலான 195 சம்பவங்களைத் தொகுத்தது. 133 பேர் காயமடைந்தார்கள், அவர்களில் 38 பேருக்குப் பாரிய காயம். 61 சம்பவங்களில் கருவியோ மேலதிகப் பற்றரியோ பையில் இருந்தது. 60 பாவிக்கும்போது, 48 மின்னேற்றும்போது நடந்தன. முதலிடம் காற்சட்டைப் பைக்குப் போனதற்குக் காரணம் எளிது. 18650இன் உலோக உடல் முழுவதும் மறைமுனை, உச்சியில் உள்ள குமிழ் மட்டுமே நேர்முனை. இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் உறையும் ஒரு கடதாசி வளையமும். உறை கிழிந்திருக்கும்போது ஒரு சாவியோ பத்துப் பென்ஸ் நாணயமோ போதும். 2015இல் அமெரிக்கா சரக்குப் பெட்டியில் மின்சிகரெட் கொண்டுபோவதைத் தடைசெய்தது. 2018 மே மாதம் புளோரிடாவிலும் 2019 ஜனவரியில் ரெக்சஸிலும் கருவி வெடித்து ஆட்கள் இறந்தார்கள்.

2016இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பிரித்தானிய விதிகள் தாங்கியின் அளவை 2 மில்லிலீற்றராகவும் நிக்கொற்றினை மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமாகவும் கட்டுப்படுத்தின. அவற்றின் கவனம் பெரும்பாலும் திரவத்தில் இருந்தது. தனியாக விற்கப்படும் 18650 பொதுவான பொருட்பாதுகாப்பு விதிகளின் கீழேயே நின்றது. தனிப் பற்றரியை வாங்கவோ பாவிக்கவோ வேண்டாமென்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது 2021 ஜனவரியில். அந்த வயதுக்குள் மொட் கலாசாரமே ஓய்ந்துகொண்டிருந்தது.

அதன் இடத்துக்கு ஒருதடவை பாவித்து எறியும் வேப் வந்தது. மின்னேற்றத் தேவையில்லை, சுருள் சுற்றத் தேவையில்லை, எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. வாயில் வெடிக்கும் ஆபத்து பெருமளவு குறைந்தது, அது மெய்யான முன்னேற்றம். ஆனால் நெருப்பு அணையவில்லை, இடம் மாறியது. பிரித்தானியாவில் 2023இல் வாரத்துக்கு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் வேப்கள் எறியப்பட்டதாக மெற்றீரியல் போகஸ் அமைப்பு மதிப்பிட்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் லித்தியம் பற்றரி. அவற்றை நூற்றுக்கணக்கான தடவை மீண்டும் மின்னேற்றலாம் என்று அதே வருடம் லண்டன், ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குப்பை வண்டி அவற்றை நசுக்கும்போது யொஷினோவின் இரும்புக் கட்டிச் சோதனை காவலெதுவும் இல்லாமல் திரும்ப நடக்கிறது. ஒரே வருடத்தில் குப்பை வண்டிகளிலும் கழிவு நிலையங்களிலும் 1,200க்கும் மேற்பட்ட பற்றரித் தீ. மொட் காலத்தில் விரல் சுட்டது செய்தவருக்கு. இப்போது சுடுவது அதை ஒருநாளும் வாயில் வைக்காத கழிவுத் தொழிலாளிக்கு.

2025 ஜூன் 1ஆம் தேதியிலிருந்து பிரித்தானியாவில் எறியும் வேப் விற்பது தடை. பக்கத்துக் கடைத் தட்டில் அதே நிறங்களில், மின்னேற்றும் துளையோடு புதியவை நிற்கின்றன. வாங்குபவர்கள் பழையபடியே எறிகிறார்கள். விற்கும் கடையே பழையதைத் திரும்ப ஏற்று மீள்சுழற்சிக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். அந்தப் பெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் வெளியே தெரிய நிற்கிறதா என்பதைக் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள்தான் தீர்மானிக்கவேண்டும்.

அன்று முறிந்த மோலி கைமாறித் தாய்வான் நிறுவனமாக உயிர்த்தது. இன்று மொட் வைத்திருப்பவர்கள் அதிகம் நம்பிக் கேட்டு வாங்கும் 18650களில் அதன் மோலிசெல்லும் ஒன்று. தீப்பிடித்த நிறுவனம் தீயிலிருந்து கற்றது, கற்றதைப் பொருளில் காட்டியது. கராஜில் குழாய் கடைந்தவர்களும் அப்படியே கற்றார்கள். அவர்களுடைய அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை. பற்றரியைப் பிளாஸ்ரிக் பெட்டியில் வை, உறை கிழிந்தால் மாற்று, தலையணைக்குப் பக்கத்தில் மின்னேற்றாதே. இந்த மூன்றையும் வீட்டில் பிள்ளையிடம் சொல்ல வேப்பை ஆதரிக்க வேண்டியதில்லை. உறை மாற்ற என் கடையில் ஒரு பவுணும் வாங்குவதில்லை.